வலி அடங்கிய பிறகு ஆய்வுக்கு அழையுங்கள்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் புற்றுநோய்த் துறைத் தலைவர்களுக்கும், மருந்து ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி உடலுக்குள் போய் முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றிய உறையில் தலைகாட்டும் புற்றுநோய் மீசோதீலியோமா. இந்தியா இன்னும் கல்நாரை இறக்குமதி செய்து கூரைத் தகடு வார்க்கிறது. ஆகவே இந்த நோயாளிகள் இன்னும் பல்லாண்டுகளுக்கு உங்கள் வாசலுக்கு வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

புதிய சிகிச்சைகளை நாங்கள் மனதார வரவேற்கிறோம். 2003இல் வெளியான ஆய்வில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துடன் பெமெட்ரெக்செட் என்ற மற்றொன்று சேர்ந்தபோது இடைநிலை ஆயுள் (நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடிருக்கும் காலம்) 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதமானது. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப், இபிலிமுமாப் கூட்டு அதை 18.1 மாதம்வரை கொண்டுபோனது. எபிதீலியாய்டு என்ற பொதுவான செல் வகை அல்லாத நோயில்தான் பலன் மிகுதி. கிடைப்பவை மாதங்கள். அவற்றை நோயாளி விலாவைப் பிடித்துக்கொண்டு உறங்காமல் கழிக்கக் கூடாது. வலி நிவாரணத்தை ஆய்வு தோற்ற பிறகு அனுப்பிவைக்கும் இடமாக வைத்திருக்காமல், ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள் என்று கேட்கிறோம்.

முதலில், சேர்க்கை. பெரும்பாலான ஆய்வுகள் எழுந்து நடமாடி இலகுவான வேலை செய்யக்கூடியவர்களையே சேர்க்கின்றன. புற்றுக்கட்டி விலா நரம்பை நெரிப்பதால் படுக்கையில் கிடப்பவரும், மார்பில் நீர் கோத்து மூச்சு வாங்குபவரும் அந்த மதிப்பீட்டில் தகுதியிழந்து போகிறார்கள். நீரை வடித்து, ஓபியம் வகை வலி மருந்தான மார்பினும் நரம்பு வலிக்கு கபாபென்டினும் கொடுத்துச் சில நாள் கழித்து அவர்களை மறுபடி மதிப்பிடுங்கள். பலர் எழுந்து நடப்பார்கள்.

அடுத்தது நாங்கள் மிகவும் அஞ்சுவது: டைக்ளோஃபெனாக். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் இந்த வலி மாத்திரை, பெமெட்ரெக்செட்டைச் சிறுநீரகம் வெளியேற்றுவதைத் தடுக்கும். வெளியேறாத மருந்து எலும்பு மஜ்ஜையை ஒடுக்கும், வெள்ளணுக்கள் சரியும். சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 45 முதல் 79 மி.லி.வரை இருந்தால், பெமெட்ரெக்செட் ஊசி போடும் நாளுக்கு 2 நாள் முன்பிருந்து 2 நாள் பின்புவரை இவ்வகை மாத்திரை கூடாது. "வலிக்கு எதுவும் சாப்பிடாதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் நிச்சயம் கடைக்குப் போவார். மாற்றாக என்ன சாப்பிடலாம் என்பதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். பெமெட்ரெக்செட்டின் பக்கவிளைவைக் குறைக்கும் தினசரி ஃபோலிக் அமிலம் முதல் ஊசிக்கு 5 முதல் 7 நாள் முன்பே தொடங்கியதா, பி12 ஊசி (1000 மைக்ரோகிராம்) ஒரு வாரம் முன்பே போட்டாயிற்றா என்பதையும் அதே தாளில் குறிக்கலாம்.

மார்பினுக்கும் சிறுநீரகக் கணக்கு உண்டு. 5 மி.கி., முதியவருக்கு 2.5 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்கி, இடையில் வலி எகிறினால் ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகத் தருவது வழக்கம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டால் மார்பினின் கழிவுப் பொருள்கள் ரத்தத்தில் தேங்கும். அளவுக்கு மீறிய தூக்கமும் கை கால் வெட்டி இழுப்பதும் அதன் அடையாளம். நோய் முற்றிவிட்டது என்று எழுதிவிடாமல் கிரியாட்டினின் பாருங்கள். அளவைக் குறையுங்கள், இடைவெளியை நீட்டுங்கள், அல்லது தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டைக்கு மாற்றுங்கள்.

மார்பினோடு மலமிளக்கி முதல் நாளிலிருந்தே வேண்டும். ஆனால் இபிலிமுமாப் பெறுபவருக்கு வயிறு போனால் மலமிளக்கியின் மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். அதை நிறுத்திய பிறகும் வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால், நோய் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கும் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் குடலில் ஓட்டை விழலாம்.

ஓரிடத்தில் குத்தும் வலிக்கு 5 தவணைகளில் 20 கிரே (கதிர் அளவின் அலகு) கதிர் சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம். நீர் வடிக்கக் குழாய் செருகிய இடத்தில் கட்டி வளராதிருக்க முன்கூட்டியே கதிர் கொடுப்பதால் பயனில்லை என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்த அலைச்சலை மிச்சப்படுத்துங்கள். ஒரு பக்க மார்பில் மட்டும் வலி இருந்து, மார்பினுக்கும் அடங்காவிட்டால் கார்டாடமி இருக்கிறது: கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே, வலிக்கு எதிர்ப்பக்கமாக ஊசி செலுத்தி, வலியைச் சுமக்கும் நரம்புப் பாதையைச் சுடுவது. நோயாளி விழித்தபடி மல்லாந்து படுக்க வேண்டும். மூச்சு முட்டி உட்கார்ந்தே தூங்கும் நிலைக்கு வந்தவரால் அது முடியாது. ஆகவே சீக்கிரம் அனுப்புங்கள்.

போதைப்பொருள் சட்டத்தைக் காரணம் காட்டுவது இனிப் பொருந்தாது. 2014 திருத்தத்துக்குப் பிறகு மார்பின் உள்ளிட்ட 6 மருந்துகளை வைத்திருக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் அங்கீகாரம் போதும். பல உரிமங்களுக்கு அலைய வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் ஒழுங்கான பதிவேடும் தேவை.

நெறிமுறைக் குழுவினருக்கு: ஒப்புதல் படிவத்தில் இரண்டு வரிகள் இல்லாத ஆய்வுக்கு அனுமதி தராதீர்கள். ஆய்வில் சேர மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வலி மருந்து நிற்காது என்பது ஒன்று. இரவு இரண்டு மணிக்கு வலி எகிறினால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் மற்றொன்று.

இப்படிக்கு,
வலி தணிப்புப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்களும் செவிலியர்களும்