சிவப்பு, நீலத்துக்கு அப்பால்

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தேர்தல் குறித்த தங்கள் தலையங்கம், மாநிலங்களைச் சிவப்பு (குடியரசுக் கட்சி), நீலம் (ஜனநாயகக் கட்சி) என்று பிரித்ததோடு நின்றுவிட்டது. அந்நாட்டு அரசியலின் உயிர்நாடி உள்ளூரில்தான் இருக்கிறது. நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்தில் 1937 முதல் ஒரே அவைதான். 49 உறுப்பினர்களும் கட்சிப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டில் தேர்வாகிறவர்கள். நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 பேர். ஆளுக்கு ஆண்டு ஊதியம் 100 டாலர்தான்!

வெர்மான்ட்டில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மார்ச் முதல் செவ்வாயன்று நடக்கும் ஊர்க்கூட்டத்தைப் பார்த்தேன். பனி தள்ளும் லாரி வாங்கலாமா என்று பள்ளிக்கூட அரங்கில் வெகுநேரம் வாதாடினார்கள்; அப்புறம் கை தூக்கி வாக்களித்தார்கள். எந்தக் கட்சியின் பெயரும் அங்கே அடிபடவில்லை. அதிபர் போட்டிக்கு ஒதுக்கும் இடத்தில் கொஞ்சம் எடுத்து, வாரம் ஒரு மாநிலத்தின் அரசியலை எழுதுங்கள். அரசியல் அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு அது பெரிய உதவி.

ஒரு வாசகர், திருச்சி