கைப்பிரதி எடுத்துக்கொண்டு கிளம்பும் முன்

நீலகிரி மலையில் ஊழியம் செய்யும் சபைகளின் மூப்பர்களுக்கும், வீடு வீடாய்ச் சுவிசேஷம் சொல்லப் போகும் வாலிபப் பிள்ளைகளுக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

லெந்து என்கிற தபசு காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்துவிட்டால் நம் சபைகளில் உபவாசக் கூட்டங்கள் தொடங்கிவிடும். கோத்தகிரி, குன்னூர், பந்தலூர் என்று எல்லாப் பக்கமும் ஜீப் பிடித்துக் குழுக்கள் கைப்பிரதிகளோடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகும். நானும் பல வருடம் போனவன்தான். இந்த வருடம் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். யாருக்காவது நீங்கள் கொடுக்க வேண்டியது இருந்தால், முதலில் அதைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து வாங்கும் ஓர் இலை ஏஜெண்டிடம் ஆறு வருடம் எடை போடும் வேலையில் இருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பெண்கள் சாக்கு மூட்டைகளோடு ரோட்டோரத்துக்கு வருவார்கள். கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்களும் உண்டு, கிலோ கூலிக்குப் பறிப்பவர்களும் உண்டு. கொக்கியில் மூட்டையை மாட்டினால் முள் ஆடி ஆடி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலையில் தண்ணீர் கோத்திருக்கும், அதற்கு ரெண்டு கிலோ கழிப்பது வழக்கம். அதில் யாருக்கும் சண்டை இல்லை. நான் வெயில் நாளிலும் கழித்தேன். முள் 22இல் நின்றால் நோட்டில் 19 என்று எழுதினேன். அந்த மூன்று கிலோவில் ஒரு பங்கு வாரக் கடைசியில் என் சட்டைப்பைக்கு வந்தது. அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான், ஜெபக்கூட்டத்துக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெயர் எழுதி வைத்திருந்தேன். முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் அதே பெயர்கள்.

ஒரு லெந்து காலத்தில் உள்ளம் உடைந்து அழுதேன். அது பொய்யான அழுகை அல்ல. அடுத்த வாரம் சபையில் சாட்சி சொன்னேன். "பாவியாய் இருந்தேன், கர்த்தர் மன்னித்தார்" என்றேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். என்ன பாவம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மறுபடி தராசடிக்குப் போனேன். கழிப்பதை நிறுத்தினேன், அவ்வளவுதான். ஏற்கெனவே கழித்தது அப்படியே என்னிடம் இருந்தது.

மனந்திரும்புதல் என்று நாம் தினமும் சொல்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லில் மனம் மாறுவது இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல்லுக்கோ நேரான பொருளே திரும்பி வருவதுதான். நம் தமிழ்ச் சொல் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. நான் மனத்தோடு நின்றுவிட்டேன், திரும்பவில்லை.

அநியாயமாய் வாங்கிச் சேர்த்த வரி வசூலிப்பவன் சகேயுவின் கதையை சண்டே ஸ்கூலிலேயே படித்திருக்கிறோம். அதில் எது முன், எது பின் என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அவன் மரத்தில் இருக்கும்போதே, ஒரு காசும் திருப்பிக் கொடுக்காதபோதே, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார் இயேசு. கிருபை முதலில் வந்துவிட்டது. நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்னது அதற்கப்புறம்தான். ஆகவே திருப்பிக் கொடுத்துக் கிருபையை வாங்க முடியும் என்று நான் சொல்லவில்லை. கிருபை ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த வீட்டுப் பெட்டி பூட்டியபடி இருக்காது என்கிறேன்.

அப்புறம் பழைய நோட்டுகளைத் தேடி எடுத்தேன். பாதி செல்லரித்துப் போயிருந்தது. ஓர் அம்மாவின் கணக்கு மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒழுங்காய்க் கிடைத்தது. கூட்டிப் பார்த்தால் 4,050 ரூபாய். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் சொன்னபடி ஐந்தில் ஒரு பங்கு, 810 ரூபாய், சேர்த்து 4,860 ரூபாயை உறையில் போட்டுக்கொண்டு இருட்டும் நேரத்தில் போனேன்.

அந்த அம்மா சிலோனிலிருந்து வந்தவர். 1964 ஒப்பந்தத்தில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு செய்தார்களே, அந்தக் கணக்கில் வந்த குடும்பம். அப்படி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் அரசு இந்த மலையில் தேயிலை போடத் தொடங்கியது. காகிதத்தில் அவர்கள் பெயர் தாயகம் திரும்பியோர். அந்த அம்மா பிறந்தது கண்டிச் சீமையில், இந்த மண்ணை அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. அவரைப் போய்த் திரும்பியவர் என்கிறார்கள். திரும்ப வேண்டியவன் நான், அவர் வாசலில் நிற்கிறேன்.

விஷயத்தைச் சொல்லி உறையை நீட்டினேன். கட்டை விரலை நாக்கில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார். "சரியா இருக்கு" என்றார். பிறகு, "எங்களுக்கு அப்பவே தெரியும் தம்பி. இத்தனை வருசம் பறிக்கிறோம், மூட்டை கனம் தோளுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அந்த ஆறு வருடமும், மழையில் நனைந்து தராசடியில் நின்ற எனக்கு, தூக்குப் போணியிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர் அவர். தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்.

"மத்தவங்களுக்கும் குடுத்திட்டீங்களா?" என்று கேட்டார். இல்லையம்மா, உங்கள் வீடுதான் முதல் என்றேன். "சரி, உள்ள வாங்க, குளிர்ல நிக்காதீங்க."

ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது கேட்டார்: "யாரும் கேக்கலையே, ஏன் தம்பி குடுத்தீங்க?" அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்ட ஒருவருக்கு இயேசுவைப் பற்றிச் சொன்னேன். விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதியதை எத்தனையோ முறை மனப்பாடமாய்ச் சொன்னவன் நான். கேட்கும்படி ஒன்றும் செய்யாமலே பதிலோடு அலைந்திருக்கிறேன். அந்த அம்மா இப்போதும் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூழ் ஊற்றுகிறார். எங்களுக்காகவும் வேண்டிக்கொள்கிறார். எந்த ஊழிய அறிக்கையிலும் அவர் பெயரை நான் எழுதவில்லை.

ஆட்களைக் கர்த்தரிடம் கொண்டுவருவதை ஆத்தும ஆதாயம் என்பது வேதத்திலிருந்து வந்த வார்த்தைதான், எனக்குத் தெரியும். ஆனால் தராசடியில் நின்றவனுக்கு ஆதாயம் என்ற சொல்லைக் கேட்டால் உடம்பு கூசுகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த பாசல் மிஷன்காரர்கள் 1846இல் இந்த மலையில் கேத்தியில் வேலை தொடங்கினார்கள். இந்த மலையின் படகர் மக்களில் முதல் ஆள் ஞானஸ்நானம் எடுக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஹட்டி ஹட்டியாய், அதாவது படகர் ஊர் ஊராய், நடந்தார்கள், அவர்கள் மொழியைக் கற்றார்கள். நமக்கு ஒரு மாலை நேரத்துக்குள் எத்தனை பேர் என்று எண்ணிக்கை வேண்டியிருக்கிறது.

மூப்பர்களே, உங்களிடம் கேட்கிறேன். குழு அனுப்பும் முன் பிள்ளைகளை ஒருநாள் உட்கார வைத்து, யாருக்கு என்ன கடன் என்று தனியாக யோசிக்கச் சொல்லுங்கள். வீட்டு வேலை செய்பவருக்குப் பாக்கி வைத்த சம்பளமாய் இருக்கலாம், அண்ணன் தம்பி வரப்புத் தகராறாய் இருக்கலாம். நோய் தீரும், கடன் தீரும் என்று வாக்குக் கொடுத்துக் கூப்பிடாதீர்கள். படுத்திருக்கிறவர் தலைமாட்டில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். முதலில் நீங்கள் கொடுத்துக் காட்டுங்கள், பிள்ளைகள் பின்னால் வருவார்கள்.

என் கணக்கில் இன்னும் இரண்டு குடும்பம் பாக்கி. தோட்ட வேலை கட்டுப்படியாகாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. அவர்கள் பங்கு என் பைபிளுக்குள் தனித்தனி உறையில் இருக்கிறது. உங்களில் யாராவது திருப்பூர்ப் பக்கம் ஊழியத்துக்குப் போனால் எனக்கும் ஜீப்பில் ஓர் இடம் வையுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
கோத்தகிரிப் பக்கத்துப் பழைய எடைக்காரன்