பைண்டு பண்ண வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. அந்தக் கடையில் கண்ணாடிக்குள் இருப்பது கவிஞர் டி.எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்', 1923-இல் ஹோகார்த் அச்சகம் போட்டது. எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் தன் கையாலேயே அச்செழுத்துக் கோத்த புத்தகம் அது. ஏறக்குறைய 460 பிரதிதான் அடித்தார்கள். ஆயிரக்கணக்கில் பவுண்டு கொடுத்து எனக்கு வாங்கி அனுப்பட்டுமா என்கிறாய். வேண்டாம்ப்பா. பார்த்ததே போதும்.

எனக்குத் திக்கென்றது நீ கடைசியில் எழுதியிருந்த வரிதான். பீரோவில் இருக்கும் கவிதைப் புத்தகங்களை எல்லாம் கெட்டி அட்டை போட்டு பைண்டு பண்ணிவிடலாம், செலவு என்னுடையது என்று. நல்ல மனதோடுதான் சொல்கிறாய். ஆனால் ஒன்றைக்கூட பைண்டரிடம் கொடுக்கக் கூடாது. நான் இருக்கும்போதும் சரி, எனக்குப் பிறகும் சரி.

'புதுக்குரல்கள்' என்கிற புதுக்கவிதைத் தொகுப்பு 1962-இல் வந்தது. 24 பேர், 63 கவிதைகள். பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து'ம் அதே வருஷம், அதே எழுத்து பிரசுரம். யாப்பில்லாமல் எழுதினால் கவிதையா என்று பண்டிதர்கள் சீறிக்கொண்டிருந்த நேரம். பெரிய பதிப்பகம் எதுவும் அதில் பணம் போடாது. எழுத்து பிரசுரத்தை நடத்திய சி.சு. செல்லப்பா தன் கைப்பணத்தில் அச்சடித்து, பையில் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். மெல்லிசு அட்டை, மட்டக் காகிதம், ஒல்லியான முதுகு, எல்லாம் அந்தக் கதையின் பகுதி. அதற்கு ரெக்ஸின் அட்டையும் தங்க எழுத்தும் போட்டால் என்ன மிஞ்சும்? பழைய நூலகப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. பைண்டர் மூன்று பக்கமும் வெட்டித் தள்ளியதில் வரிக்குப் பக்கத்தில் வெற்றிடமே இல்லை, முன்னட்டையையும் காணோம். புதுக்கவிதைக்கு அந்த வெற்றிடம் எவ்வளவு முக்கியம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

பிரதி அசலா என்று பார்க்கிற வித்தையும் சொல்லிவைக்கிறேன். முதற்பதிப்பு என்று உள்பக்கத்தில் போட்டிருப்பது மட்டும் போதாது. மறுபதிப்பில் பழைய தேதியை அப்படியே விட்டுவைக்கிறவர்கள் உண்டு. எழுத்தைப் பார். 1978-இல்தான் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்திருக்கும். 1962 என்று போட்டு, உள்ளே இப்போதைய 'லை' இருந்தால் அது அன்றைக்கு அடித்ததில்லை. (பெரியாரின் ஆட்கள் 1935-லேயே மாற்றிக்கொண்டார்கள், அது வேறு கணக்கு.) பழைய எழுத்து இருந்தால் மட்டும் உடனே நம்பிவிடாதே, 1978-க்குப் பிறகும் பழைய ஈய எழுத்தையே வைத்து ஓட்டிய அச்சகங்கள் இருந்தன. பக்கத்தின் பின்புறம் விரலால் தடவு. ஈய எழுத்து அழுந்திய தடம் தட்டுப்படும். ஈய எழுத்தில்லாமல் மையை ஒற்றியெடுக்கிற ஆஃப்செட் அச்சில் அது கிடையாது.

இதெல்லாம் ஸ்கேனில் கிடைக்கிறதே என்பாய். படிக்க அது போதும், நானே ஐபேடில்தான் படிக்கிறேன். அழுந்திய தடத்தை ஐபேட் காட்டாது.

ஞானக்கூத்தனின் 'அன்று வேறு கிழமை' 1973 பிரதி, பிரமிளின் 'கண்ணாடியுள்ளிருந்து' 1972 பிரதி, இரண்டும் கீழ்த்தட்டில் இருக்கின்றன. தாளைச் சேர்த்துத் தைத்த கம்பிப் பின் துருப்பிடித்திருக்கிறது, அதை நீ கழற்றாதே, தெரிந்தவர்களிடம் காட்டு. ராமபாணப் பூச்சி அரிக்காமல் இருக்க வசம்பு வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு ரோஜா முத்தையா நூலகத்தில் எவை இல்லை என்று கேட்டு அவற்றை அங்கே கொடு. மீதி உனக்கு. பழைய புத்தகக்காரரிடம் எடைக்குப் போடாமல் இருந்தால் சரி.

பைண்டிங்குக்கு ஒதுக்கிய பணம் இருக்கிறதல்லவா? டிசம்பரில் வரும்போது அமிலமில்லாத காகித உறைகள் வாங்கிவா, கிரவுன் அளவுப் புத்தகம் கொள்ளும்படி, ஐம்பது போதும். மருமகளிடம் சொல், முறுக்கு மாவு அரைத்தாகிவிட்டது.

அன்புடன்,
அம்மா