தெருவின் உயரம் சரியாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நில அளவை வேலை பார்ப்பவன். வீடு சென்னையில், தாம்பரம் பக்கத்து முடிச்சூரில். 2015 டிசம்பர் வெள்ளம் நின்ற கோடு எங்கள் ஹால் சுவரில் இன்னமும் இருக்கிறது, ஜன்னல் திண்டுக்கு நான்கு விரல் மேலே. பெயிண்ட் அடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

நகரத்தை அச்சு அசலாக முப்பரிமாணத்தில் இணையத்தில் காட்டும் வரைபடங்கள் இப்போது வந்துவிட்டன. ஹெல்சிங்கி மாநகராட்சி தன் நகரத்தின் மாதிரியை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறது. நமக்கும் அப்படி வேண்டும். ஆனால் அதில் உயரம் சரியாக இருக்க வேண்டும்.

போன வருடம் எங்கள் தெருவை நானே செய்து பார்த்தேன். விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால் ட்ரோன் விடவில்லை. நீளக் கம்பில் கேமராவைக் கட்டி, மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறிப் படம் எடுத்தேன். சீசியம் என்ற இலவச மென்பொருளில் ஏற்றினால், மொத்தத் தெருவும் தரைக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது! ரயில் நிலைய மஞ்சள் பலகையில் போட்டிருப்பதுபோல் நான் கடல் மட்டத்திலிருந்து உயரம் கொடுத்திருந்தேன். அந்த மென்பொருளோ, பூமியை வழவழப்பான உருண்டையாக வைத்துக்கொண்டு அதிலிருந்து கணக்குப் போடுகிறது. சென்னைப் பக்கம் கடல் மட்டமே அந்த உருண்டைக்கு எண்பது மீட்டருக்கும் கீழே இருக்கிறது.

எண்பது மீட்டர் தப்பு கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம். முக்கால் மீட்டர் தப்பு யார் கண்ணிலும் படாது. வெள்ளம் வந்தால் எங்கள் வீட்டில் கட்டில் நனைவதும் நனையாததும் அந்த முக்கால் மீட்டரில்தான் இருக்கிறது. இப்படி ஒரு மாதிரியைக் காட்டிய கூட்டத்தில் நான் இருந்திருக்கிறேன். கடை போர்டில் இருந்த எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. தெருவின் உயரத்தை எந்த பெஞ்ச்மார்க்கிலிருந்து, அதாவது உயரம் அளந்து குறித்துவைத்த எந்த நிலையான அடையாளத்திலிருந்து, எடுத்தீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை.

அப்புறம், கால்வாய்கள். ஆகாயத் தாமரை மூடிக் கிடந்தால் படத்தில் புல்தரையாகத்தான் வரும். அங்கே ஆள் இறங்கி, ஸ்டாஃப் என்கிற அளவுக்கோலை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

எனவே, மாதிரி செய்யும்போது இந்திய நில அளவைத் துறையின் பெஞ்ச்மார்க்குகளிலிருந்து உயரத்தை எடுங்கள். வீடு வீடாகக் கேட்டு 2015 வெள்ளக் கோடுகளையும் அதில் குறியுங்கள். சாதாரண செல்போனில் திறக்கும்படி பொதுவில் வையுங்கள். எங்கள் சுவரில் இருக்கும் கோட்டை அளக்க வருகிறவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாம்.

இப்படிக்கு,
நில அளவையாளர் ஒருவர்,
முடிச்சூர்.