மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கென்று ஒரு தனி நர்ஸ் வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். இங்கே வரும் பெண்களுக்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாமே காசு வாங்காமல் நடக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தினமும் பார்க்கிறேன். நான் கேட்பது வேறு. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களிடம் உட்கார்ந்து பேசவும், விளக்கிச் சொல்லவும், வீட்டுக்குப் போன பிறகும் விசாரிக்கவும் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவருக்குத் தனிப் பணியிடம் வேண்டும்.

நாங்கள் 'சிவப்பு மருந்து' என்று சொல்கிற டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், ரத்தம் இல்லை. இதை முன்கூட்டியே சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லாமல் விட்டால் அந்த அம்மா அதைப் பார்த்துப் பதறி, யாரைக் கேட்பது என்று தெரியாமல் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கிறார். அடுத்த கீமோவுக்கு வராமலே நின்றுபோனவர்களும் உண்டு. ஆனால் கீமோ சமயத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வர வேண்டும். அதற்கோ மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிடுகிறார்கள்.

ஆபரேஷன் முடிந்தவர்கள் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து கையைத் தூக்குவதே இல்லை. தோள் இறுகிவிடுகிறது. அப்புறம் ரேடியேஷனுக்குக் கையைத் தலைக்கு மேலே வைத்துப் படுக்கச் சொன்னால் முடியாமல் அழுகிறார்கள்.

மனசு படும் பாடு இதைவிடப் பெரிது. பயாப்சி (சதைப் பரிசோதனை) முடிவைப் பெரும்பாலும் கணவரிடமோ மகனிடமோதான் சொல்கிறோம். அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்படுவது 'சின்னக் கட்டி'. வார்டு வாசலில் இருக்கும் போர்டைப் படித்துத்தான் பலருக்கு விஷயமே தெரிகிறது. கூட இருப்பவர் டீ வாங்கப் போன நேரம் பார்த்து, "வீட்ல எனக்குத் தட்டு, டம்ளர் தனியா வச்சுட்டாங்க சிஸ்டர்" என்பார் ஒருவர். பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், வெளியில் தெரிந்தால் தட்டிப்போகும் என்பார் இன்னொருவர். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த கட்டிலில் சலைன் முடிந்திருக்கும்.

இங்கிலாந்தில் பீட்டர் மகுவையர் என்ற மனநல மருத்துவரின் குழு, மார்பகம் அகற்றப்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வை 1980-ல் வெளியிட்டது. ஒரு பிரிவினருக்குத் தனியாக ஒரு நர்ஸ் ஆலோசனை சொன்னார், தொடர்ந்து கவனித்தும் வந்தார். ஆலோசனையால் மட்டும் மன உளைச்சல் வராமல் தடுக்க முடியவில்லை. ஆனால் மனநல உதவி தேவைப்பட்டவர்களில் 76 சதவீதம் பேரை அந்த நர்ஸ் கண்டுபிடித்து டாக்டரிடம் அனுப்பினார். நர்ஸ் இல்லாத பிரிவில் அப்படிக் கண்டறியப்பட்டவர்கள் 15 சதவீதம்தான். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது மனநலப் பாதிப்பு நர்ஸ் இருந்த பிரிவில் 12 சதவீதம், இல்லாத பிரிவில் 39. தொடர்ந்து விசாரிக்க ஓர் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் இது தீராது. 'கூடுதல் பொறுப்பு' என்று எங்களில் ஒருவர் தலையில் தயவுசெய்து கட்டிவிடாதீர்கள். ஊசி போடவே நேரம் போதாத வார்டில் அது பேப்பரில் மட்டும்தான் இருக்கும். பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதும் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலேயே புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்று தனித் துறை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டு வாசலுக்கே போகிறது. நோய் திரும்ப வராமல் இருக்கக் கொடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரையை ஐந்து வருடம், சிலர் பத்து வருடம் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்துகிறவர்களைக் கண்டுபிடிக்க அந்தத் திட்டத்தின் ஊழியர்களோடு இந்த நர்ஸ் தொடர்பில் இருக்கலாம்.

கீமோ கொடுக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் இப்படி ஒரு பணியிடம், பேசுவதற்குக் கதவு உள்ள ஒரு சின்ன அறை, நோயாளி கூப்பிட ஒரு போன் நம்பர். பயாப்சி முடிவைச் சொல்லும் அன்றே அந்த நர்ஸ் அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கான அரசாணையை வரும் நிதியாண்டிலேயே பிறப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்