பாடத்திட்டக் குழுவுக்கு: செய்முறைத் தேர்வில் தானியங்கிக் கருவிகளை அனுமதியுங்கள்

எங்கள் கல்லூரி எம்.பி.ஏ. பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பழைய தரவிலிருந்து கணினியைக் கற்க வைத்துக் கணிக்கச் செய்யும் மெஷின் லேர்னிங் பாடத்தின் செய்முறைத் தேர்வில், அந்த வேலையைத் தானே செய்து தரும் தானியங்கிக் கருவி (மென்பொருள்) எதையும் தொடக் கூடாது, பைத்தான் நிரலை முழுக்க மாணவர்களே எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று இந்த செமஸ்டருக்கும் சுற்றறிக்கை வந்துவிட்டது. போன கூட்டத்தில் பேசியதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும், திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த முடிவால் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் பாடம் நடத்துவது ஒரு போர்த்துகீசிய வங்கியின் தரவை வைத்து. 2008 முதல் 2010 வரை வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்து டெபாசிட் போடச் சொன்ன விவரம் அது. மொத்தம் 45,211 பதிவுகள், டெபாசிட் போட்டவர்கள் 5,289 பேர். யார் டெபாசிட் போடுவார் என்று இந்தத் தரவிலிருந்து கற்றுக் கணிப்பதைத்தான் மாடல் என்கிறோம். எல்லோரையும் 'போட மாட்டார்' என்று சொல்லிவிடுகிற மாடல்கூட நூற்றுக்கு 88 முறை சரியாகத்தான் சொல்லும், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு டெபாசிட்கூடப் பிடிக்க முடியாது. இது புரிய வியாபாரம் தெரிந்தால் போதும்.

அதே தரவில் ஒவ்வொரு அழைப்பும் எத்தனை விநாடி நீடித்தது என்ற விவரமும் இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் மாடல் பிரமாதமாக வேலை செய்வது போலத் தெரியும். ஒரு மாணவி எழுந்து, "மேடம், பேசி முடிச்ச பிறகுதானே எவ்வளவு நேரம்னு தெரியும், யாருக்குப் போன் பண்றதுன்னு முடிவு பண்ண அதை எப்படி வச்சுக்கிறது?" என்று கேட்டார். பி.காம். முடித்து, ஒரு கால் சென்டரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நிஜமான கணிப்புக்கு அதை நீக்கிவிடுங்கள் என்று தரவைத் தந்தவர்களே குறிப்பு எழுதியிருக்கிறார்கள், அதைப் படிக்காமலே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

செய்முறைத் தேர்வில் அந்த மாணவி ஃபெயில். ஒரு வரியில் இடைவெளி பிசகி நிரல் ஓடவில்லை, நேரம் முடியும்வரை அந்தப் பிழைச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தார், அவுட்புட் வராததால் வைவாவில் எக்ஸ்டர்னல் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. பாஸானவர்களில் பலர் ரெக்கார்டு நோட்டில் இருந்ததை வரிக்கு வரி மனப்பாடம் செய்தவர்கள். அழைப்பு நேரத்தை ஏன் நீக்கவில்லை என்று அவர்களில் ஒருவரைக் கேட்டேன். "ரெக்கார்டுல அப்படித்தான் மேடம் இருக்கு" என்றார். இவருக்கு நாம் மதிப்பெண் கொடுத்தோம், அந்த மாணவிக்கு அரியர் கொடுத்தோம். இதை எப்படி நியாயம் என்று சொல்வது?

அதனால் கேட்கிறேன்: செய்முறைத் தேர்வில் தானியங்கிக் கருவிகளை அனுமதியுங்கள்.

கருவியைக் கொடுத்தால் பட்டனைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்கிறீர்கள். தட்டத்தான் செய்வார்கள். எச்2ஓ ஆட்டோஎம்எல் என்ற தானியங்கிக் கருவி பல மாடல்களைத் தானே ஓட்டிப் பார்த்து, எது மேல் என்று வரிசைப்படுத்தித் தந்துவிடும். அழைப்பு நேரத்தை எடுத்துவிடு என்று சொல்லாது. கைவிட்டுப் போன ஒரு வாடிக்கையாளரால் நஷ்டம் அதிகமா, வீணாய்ப் போன பத்து அழைப்புகளால் அதிகமா என்பதும் அதற்குத் தெரியாது. மேலாளராகப் போகிறவர் யோசிக்க வேண்டியது அங்கேதான் ஆரம்பிக்கிறது, நாம் அந்த இடத்துக்கு வருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடுகிறது. செலவும் ஒரு காரணமில்லை, எச்2ஓ இலவசம், ஸ்லோவேனியாவில் லூப்லியானா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆரஞ்சு என்ற மென்பொருளும் இலவசம், அதில் நிரலே எழுதாமல் திரையில் உள்ள சின்னங்களைக் கோடு போட்டு இணைத்துப் பாடம் நடத்தலாம்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. அட்மிஷன் விளம்பரத்தில் செயற்கை நுண்ணறிவு என்று பெரிதாகப் போடுகிறோம், அதை நம்பிக் கடன் வாங்கிப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், உள்ளே வந்தால் மனப்பாடம்தான் கிடைக்கிறது. அந்தப் பெற்றோர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சரி, அது தனிப் பேச்சு. இப்போதைக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கருவிகளை அனுமதித்து, மாடலை ஓட்டியதற்குக் கொஞ்சம் மதிப்பெண்ணும், எந்தத் தரவை ஏன் நீக்கினோம், எந்தப் பிழை வங்கிக்கு எவ்வளவு செலவு வைக்கும், இந்த மாடலை நம்பலாமா என்று எழுதி விளக்குவதற்கு மீதி மதிப்பெண்ணும் வையுங்கள். மாதிரிக் கேள்வித்தாள் தயாராக இருக்கிறது, கேட்டால் அன்றே அனுப்புகிறேன். அரியர் தேர்வுக்கு முன்பாகவே முடிவு தெரியும்படி, அடுத்த கூட்டத்து அஜெண்டாவில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியை