நயம் பாராட்ட எதுக்கு டெம்ப்ளேட்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ் பேப்பர் திருத்துற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, "நயம் பாராட்டுக" கேள்விக்கு என்ன பாட்டு குடுத்தாலும் பதில் ஒண்ணேதான். "காட்டுக்கு யானை பாட்டுக்கு மோனை", "மதுரைக்கு வைகை செய்யுளுக்கு எதுகை"ன்னு வரிசையா எழுதி, பாட்டுலேர்ந்து ரெண்டு ரெண்டு வார்த்தைய எடுத்து அடிக்கோடு போட்டுட்டா முடிஞ்சுது. மழை பத்தின பாட்டுக்கும் அதான், சாவு பத்தின பாட்டுக்கும் அதான், மார்க்கும் விழுந்துடுது. பிள்ளைங்கள குத்தம் சொல்ல முடியாது, அதை போர்டுல எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ண வைக்கிறதே பள்ளிக்கூடம்தான். இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், அடிமாறாமல் எழுதுறதுன்னு எல்லாம் போக, பாட்டை ரசிச்சியான்னு கேக்க இருந்த ஒரே கேள்வி இதுதான் சார், அதையும் இப்படி ஆக்கிட்டாங்களேன்னு மனசு ஆறல.

நான் சிவகங்கை மாவட்டத்துல தமிழ் டீச்சர். பாரியோட பறம்பு மலைன்னு சொல்ற பிரான்மலை எங்க மாவட்டம்தான், அதனால பாரி மகளிர் பாடின புறநானூறு 112ஆம் பாட்டை பாடத்துல இருந்தாலும் இல்லாட்டியும் வகுப்புல சொல்லிடுவேன். மொத்தமே 5 அடி. மூணு வேந்தரும் மலையைச் சுத்தி வளைச்சாங்க, பாரி செத்துட்டாரு, மலையும் போயிடுச்சு, இது அவரோட ரெண்டு பொண்ணுங்களும் ஒரு மாசம் கழிச்சு நிலாவப் பாத்து பாடினதுன்னு மட்டும் சொல்லுவேன். புக்கை மூடச்சொல்லிட்டு, நோட்ஸ் பொருள் எதுவும் சொல்லாம, மெதுவா ரெண்டு தடவை வாசிப்பேன். "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்"னு (அந்த மாசத்து அந்த வெண்ணிலாவுல) ஆரம்பிச்சு "இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்"னு (இந்த மாசத்து இந்த வெண்ணிலாவுல) வரும்போது, அதே நிலாதான்னு யாரும் சொல்லாமயே பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிடும்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி, முதல் ரெண்டு அடிக்கும் பின்னாடி வர்றதுக்கும் என்ன வித்தியாசம்? "முதல்ல அப்பாவ சொல்லிட்டு மலைய சொல்றாங்க, பின்னாடி மலைய சொல்லிட்டு அப்பாவ கடைசில வச்சிட்டாங்க மிஸ்"னு ஒரு பையன் சொன்னான். ஏன்டா அப்படின்னு கேட்டா, "அதை சொல்ல முடியாம தள்ளிப் போட்டிருப்பாங்க"ன்னான். எந்த உரையிலயும் பாத்து சொன்னதில்ல அது, "யாம் எந்தையும் இலமே"ன்னு, எங்களுக்கு அப்பாவும் இல்லன்னு, பாட்டு அங்கயே நின்னுபோறத காதால கேட்டு சொன்னது. "வென்றெறி முரசின் வேந்தர்"னு, ஜெயிச்சு முரசு கொட்டுற ராஜாக்கள்னு, ஏன் சொல்றாங்க, அப்பாவ கொன்னவங்கள புகழ்றாங்களான்னு இன்னொரு பொண்ணு கேக்க, இல்ல இல்ல குத்திக் காட்டுறாங்கன்னு பக்கத்துல இருந்தவ சொல்ல, பெல் அடிச்சும் சண்டை ஓயல. நயம் பாராட்டுறதுன்னா இதுதானே சார்.

இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு, போர்ஷன் முடிக்கணுமேன்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். எல்லா செய்யுளுக்கும் பண்ணச் சொல்லல, பருவத்துக்கு ரெண்டு பாட்டு போதும். மனப்பாடம் வேண்டாம்னும் சொல்ல மாட்டேன், பாட்டு வாயில நிக்கணும், ஆனா காதுல விழுந்து பிடிச்சப்புறம் படிச்சா அது தானா நிக்கும். எதுகை மோனையும் சொல்லித்தரணும்தான், அது அந்த இடத்துல என்ன வேலை செய்யுதுன்னு சேத்து சொல்லணும். "இற்றை"ங்கிறது "அற்றை"ய திரும்ப ஞாபகப்படுத்துறதாலதானே இந்தப் பாட்டு இவ்வளவு வலிக்குது.

கேள்வித்தாள் எடுக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். மோனை, எதுகைன்னு தலைப்பு குடுத்து கேக்காம, "இந்தப் பாடலில் உன்னை நிறுத்திய அடி எது, ஏன்?"னு கேளுங்க. திருத்துற கையேட்டுல ஒரே விடைய போடாம, பாட்டுலேர்ந்து காரணம் காட்டி எழுதின எதுக்கும் மார்க் உண்டுன்னு போடுங்க. கேள்வி மாறினா வகுப்பும் அடுத்த வருஷமே மாறிடும், எங்க டீச்சருங்க பாதி பேர் அதுக்குத்தான் காத்துட்டிருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
சிவகங்கை மாவட்டம்.